தொங்குபாறை ஜெனரேட்டருக்கு நான்தான் பொறுப்பு

செப்டம்பர் 16, திங்கள்

இந்த டைரி நானாக வாங்கியது இல்லை. சண்முகநாதன் வாங்கி வந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். "உன் எரிச்சலையெல்லாம் இதுல கொட்டு இந்திராணி. என் மேல கொட்டுனா எனக்குக் கொதிப்பு ஏறுது" என்றார். கட்டிய கணவரை நேரில் "ஏங்க" என்றுதான் கூப்பிடுவேன். டைரியில் பெயர் சொல்லித்தான் எழுதப்போகிறேன். யார் கேட்பது?

பதினோரு வருடமாகத் தொங்குபாறை மலையில் ஏறி இறங்கிய கால் இது. அட்டை கடித்திருக்கிறது, முள் குத்தியிருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் ஆனதில்லை. போன மாதம் சேலம் ஆபீஸ் மாடிப்படியில், அப்போதுதான் துடைத்த டைல்ஸில் வழுக்கித் தொடை எலும்பை உடைத்துக்கொண்டேன். ஆபரேஷன் செய்து உள்ளே ப்ளேட் வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "மலையில விழுந்தீங்களா?" என்று கேட்கிறார்கள். மலைக்கு எதற்குக் கெட்ட பெயர்? டைல்ஸ் என்று ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொல்கிறேன்.

செப்டம்பர் 19, வியாழன்

சென்னையிலிருந்து பிரணவ் பேசினான். என் மேலதிகாரி. என் மகன் வயதுதான் இருக்கும், ஆனால் மேலதிகாரி.

"மேடம், ரெஸ்ட் எடுங்க. தொங்குபாறை சைட்டைப் பத்தி நாங்க ஒரு முடிவு எடுக்கிறோம்."

என்ன முடிவு என்று எனக்குத் தெரியாதா? அந்த மலைக்கு மின்கம்பி கிடையாது, ஜீப் போகிற வழியும் கிடையாது. உச்சியில் எங்கள் செல்போன் டவர், பக்கத்தில் சோலார் தகடுகள், பேட்டரி, வெயில் இல்லாத நாளுக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர். நான் விழுந்த பிறகு மழையில் இரண்டு முறை பேட்டரி தீர்ந்து டவர் அணைந்துவிட்டது. ஜெனரேட்டரைப் போட ஆள் இல்லை. தகடு துடைக்கிற பொன்னுருவி இருக்கிறாள், ஆனால் அவள் ஊரிலிருந்து உச்சிக்கு அரை மணி நேரம் ஏற வேண்டும். இடி மின்னலில் ஏறு என்று யார் சொல்வது?

"இன்னொரு தடவை அணைஞ்சா மூடுற லிஸ்ட்ல போட்டுருவோம் மேடம்" என்றான். மூடினால் எல்லாவற்றையும் கழற்றிக் கீழே கொண்டுவந்துவிடுவார்கள். மேலே இருக்கிற ஊர்களுக்கு வேறு டவர் இல்லை. பாம்பு கடித்தாலும் வலி கண்டாலும் பழையபடி ஒருவர் அடிவாரம் வரை ஓடித்தான் சொல்ல வேண்டும்.

இருந்த இடத்திலிருந்தே ஜெனரேட்டரைப் போடுகிற கருவியை ஜூலையிலேயே மேலே பொருத்திவிட்டேன், இணைப்பு வேலை மட்டும்தான் பாக்கி என்றேன். "பெட்ல இருந்துக்கிட்டா மேடம்?" என்றான்.

ஆமாம், பெட்டில் இருந்துகொண்டுதான். எலும்புதானே உடைந்தது, மூளையா உடைந்தது?

செப்டம்பர் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரி. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார். வாக்கர் வைத்து நடக்கலாம் என்றார், அது காதில் விழுந்தது. அதற்கு மேல் சொன்னதையெல்லாம் சண்முகநாதன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நான் சுவர் காலண்டரில் ஆயுத பூஜை என்றைக்கு வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் ஆட்டோவில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணெய் விலை ஏறியதற்கே ஒரு மணி நேரம் பேசுகிற மனிதர்.

செப்டம்பர் 25, புதன்

இரவு உணவுக்கு உப்புமா. நேற்றும் அதுதான். வீட்டில் இட்லி மாவே இல்லையா?

செப்டம்பர் 30, திங்கள்

ஓடியது! ஓடியது! ஓடியது!

காலையிலிருந்து லேப்டாப்பை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு போராடினேன். முதலில் கட்டளை போகவில்லை. அப்புறம் போனது, பதில் வரவில்லை. அப்புறம் பதில் வந்தது, வேறு எதற்கோ வந்த பதில். பொன்னுருவியை உச்சிக்கு ஏறி நிற்கச் சொல்லியிருந்தேன்.

"ஒன்னும் ஆவலீங்களே இஞ்சினீரம்மா" என்றாள்.

"இரு பொன்னுருவி, பக்கத்துல போவாத."

திருத்தினேன், மறுபடியும் அனுப்பினேன். போனில் முதலில் ஒரு செருமல் கேட்டது, பிறகு தடதடவென்று அந்தச் சத்தம். பதினோரு வருடமாகக் கேட்ட சத்தம். பொன்னுருவி "அய்யோ, யாருமே தொடலீங்க!" என்று கத்தினாள். இங்கே நானும் கத்தினேன். சமையலறையிலிருந்து சண்முகநாதன் கரண்டியோடு ஓடிவந்தார், நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து.

பிரணவுக்கு ஒரு வரி எழுதிப் போட்டேன்: "தொங்குபாறை ஜெனரேட்டர் சேலத்திலிருந்து இயக்கப்பட்டது." இயக்கியது யார் என்று அவனுக்கே தெரியும்.

சாயங்காலம் வாக்கரில் வாசல் வரை போனேன். மலைக்குப் போடுகிற என் ஷூவைக் காணோம். கேட்டால், "ஈரமா இருந்துச்சு, பரண்ல போட்டேன்" என்கிறார். ஆகஸ்டிலிருந்து ஈரமாகவா இருக்கிறது? இறக்கி இருந்த இடத்தில் வைக்கச் சொன்னேன். வைத்தார்.

அக்டோபர் 3, வியாழன்

பொன்னுருவி கூப்பிட்டாள். "பூசைக்கு வந்துருவீங்கல்ல இஞ்சினீரம்மா? ஊர்ல கேக்கறாங்க."

அந்த மலையில் ஆயுத பூஜையைத் தொடங்கிவைத்தது நான்தான். முதல் வருடம் நானும் ஜெனரேட்டரும் ஒரு பாக்கெட் பொரியும் மட்டும். இப்போது ஊரே அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து ஜெனரேட்டர் முன்னால் வைக்கிறது. பூஜை முடிந்தால் எதையும் தொடக்கூடாது. மறுநாள் காலை முதலில் நான் ஜெனரேட்டரைப் போட வேண்டும், அப்புறம்தான் அவரவர் ஆயுதத்தை எடுப்பார்கள். "என் கை பட்டாத்தான் இது வருஷம் பூரா மக்கர் பண்ணாம ஓடும்" என்று என்றைக்கோ பெருமைக்குச் சொல்லிவைத்தேன். அதை அவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

"வராம எங்க போவேன்? பொரி, கடலை எல்லாம் வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

சண்முகநாதன் பேப்பருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன நிமிடத்தில் போய்விடலாம் என்றுதான் தோன்றியது.

அக்டோபர் 9, புதன்

மலையில் மழை. வெயில் தலைகாட்டவில்லை. பேட்டரி பாதிக்கு வந்தது. இங்கிருந்தே ஜெனரேட்டரைப் போட்டேன், நிரம்பியதும் நிறுத்தினேன். கால் மேல் கால் போட்டு என்று எழுத ஆசை, முடியாது.

அக்டோபர் 10, வியாழன்

மலையில் இன்றும் மழை. வெளியே வாக்கரில் தெருமுனை வரை. படி இறங்கும்போது வலித்தது. எல்லோருக்கும்தான் வலிக்கும்.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

இதை முழுதாக எழுதிவிட வேண்டும். 

மத்தியானம் வரை நன்றாகத்தான் இருந்தது. சண்முகநாதன் லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்தார். மூன்று மணிக்கு மேல் திரையைப் பார்த்தால் பேட்டரி நாற்பது சதவீதத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. பழைய பேட்டரி, பாதிக்குக் கீழே வந்தால் மளமளவென்று இறங்கும். சரி என்று ஜெனரேட்டருக்குக் கட்டளை அனுப்பினேன். மறுத்துவிட்டது. மறுபடியும் அனுப்பினேன், மறுபடியும் மறுப்பு. கட்டளை போய்ச் சேர்கிறது, இணைப்பில் கோளாறு இல்லை. அப்படியென்றால் மேலே பெட்டியில் இருக்கிற சுவிட்சைப் பூஜ்யத்தில் திருப்பி வைத்திருக்கிறார்கள். அது பூஜ்யத்தில் இருந்தால் கடவுளே கட்டளை அனுப்பினாலும் ஓடாது.

யார் திருப்பியிருப்பார்கள்? ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் பூஜை முடிந்ததும் "நீ தூங்கு" என்று சொல்லித் திருப்பி வைப்பது நானேதான். அதைப் பார்த்து இந்த வருடம் அவர்களே திருப்பிவிட்டார்கள். மற்ற வருடங்களில் வெயில் இருந்தது, ஒரு ராத்திரி தாங்கியது. தூரத்திலிருந்து இயக்குகிற கருவியை வைத்த பிறகு அப்படிச் செய்யாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

இருபது சதவீதம் ஆனால் டவர் தானாக அணைந்துவிடும். என் கட்டளை போவதும் அந்த டவர் வழியாக, பொன்னுருவியின் போனுக்கு நான் பேசுவதும் அந்த டவர் வழியாக. சாவி உள்ளே இருக்கக் கதவு பூட்டிக்கொண்ட கதைதான். அணைந்தால் பிரணவின் லிஸ்ட்.

பொன்னுருவியைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே மேளச் சத்தம்.

"எங்க இருக்கீங்க இஞ்சினீரம்மா? அடிவாரத்துக்கு வந்துட்டீங்களா? மழைன்னு ரெண்டு பேர கொடையோட அனுப்பியிருக்கோம்."

என்னை எதிர்பார்த்துக் குடையோடு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். 

"பொன்னுருவி, முதல்ல நான் சொல்றதைக் கேளு. உடனே மேல போ. சுவிட்சைப் பழைய இடத்துக்குத் திருப்பு."

"அதெப்படிங்க? நல்ல நேரம் போயிரும்னு பூசைய முடிச்சிட்டோம். காலைல நீங்க வந்துதான தொடணும். நாங்க தொட்டா ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க."

"டவர் அணைஞ்சிடும்டி!"

"நீங்கதான் வந்துக்கிட்டே இருக்கீங்களே. வந்து போடுங்க. அதுவரைக்கும் தாங்காதுங்களா?"

முப்பத்து மூன்று. வழியில் வந்துகொண்டிருக்கிறேன் என்று இன்னொரு பொய் சொல்லி அவளை மேலே அனுப்பலாமா என்று யோசித்தேன். மலையடிவாரத்தில் ஜீப் மாட்டிக்கொண்டது, நாளைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லலாம். வாய் வரை வந்தது. வாசல் பக்கத்தில் சண்முகநாதன் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு ஆட்டோவில் வந்த அதே முகம்.

"நான் வரல பொன்னுருவி" என்றேன். "வீட்லதான் இருக்கேன். இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே வரவே முடியாது. மலை ஏறுனா ப்ளேட் நகர்ந்துடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன மாசமே சொல்லிட்டாரு. நான்தான் உங்கிட்ட சொல்லல."

 அவள் போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசினாள். மேளம் நின்றது.

"சரிங்க இஞ்சினீரம்மா" என்றாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "நான் மேல போறேன். சுவிட்ச மட்டும் திருப்பறேன். ஸ்டார்ட்டு பண்ண மாட்டேன். அத நீங்களே பண்ணுங்க. அங்கேருந்து பண்ணாலும் அது உங்க கைதான."

முப்பது இருந்தது. மழையில் அரை மணி நேர ஏற்றம். போனைத் துண்டித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, கால் ஏற்கெனவே ஓடாது, கையும் நின்றுவிட்டது. இருபத்தேழு. இருபத்து நாலு. சண்முகநாதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. அதுவே பெரிய காரியம். இருபத்திரண்டில் போன் அடித்தது.

"திருப்பிட்டேங்க! போடுங்க!" மூச்சிரைத்தது அவளுக்கு.

போட்டேன்.

ஒரு செருமல், இரண்டு செருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு மேல் நிறையப் பேர் சத்தம் போடுவது கேட்டது. அவள் தனியாக ஏறவில்லை. ஊரே மழையில் அவளோடு ஏறியிருக்கிறது.

அழுதேன். எழுதிவைக்கிறேன், அழுதேன். வலியில் இல்லை.

அக்டோபர் 12, சனி

பேட்டரி நிரம்பிவிட்டது. காலையில் எல்லோரும் அவரவர் அரிவாளை எடுத்துக்கொண்டார்களாம். நேற்றைக்கே நான் போட்டுவிட்டதால் குற்றம் இல்லை என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள்.

பிரணவிடம் நடந்ததைச் சொன்னேன். பாராட்டினான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தான். "இன்னொரு பிரச்சனை இருக்கு மேடம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பொறுப்புல இருக்கிற இன்ஜினியர் நேர்ல போய்ப் பார்க்கணும், அது ரூல். தீபாவளிக்குள்ள யாராவது போகணும். ரெண்டு பேரைக் கேட்டேன். அந்த மலையான்னு ரெண்டு பேரும் ஓடிட்டாங்க. நீங்களும் போக முடியாது. அப்ப மூடுறதைத் தவிர வேற வழி இல்ல."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அணைஞ்சா மூடுவேன்னீங்க. அணையல. இப்ப அணையலைன்னாலும் மூடுவேங்கிறீங்க" என்றேன்.

"ரூல் நான் போட்டது இல்ல மேடம்."

அக்டோபர் 15, செவ்வாய்

மூன்று நாளாக யாரோடும் பேசவில்லை. இன்று பொன்னுருவி கூப்பிட்டாள். பேச்சு வாக்கில் மூடப்போகிற விஷயத்தைச் சொன்னேன்.

"நேர்ல வந்து பாத்தா மூட மாட்டாங்களா?"

"மாட்டாங்க. ஆனா யார் வர்றது?"

"நீங்கதான். டோலி கட்டித் தூக்கியாந்துடறோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. மூங்கிலில் கம்பளியைக் கட்டி நோயாளிகளைக் கீழே இறக்குவார்கள், பார்த்திருக்கிறேன். மேலே ஏற்றி யாரும் பார்த்ததில்லை.

"நான் என்ன சீக்காளியா? பிரசவக்காரியா? தூக்கிக்கிட்டுப் போறதுக்கு? வேண்டாம்" என்று கத்திவிட்டேன். பதினோரு வருடம் என் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஏறிய மலை. அதில் மூட்டை மாதிரி போவதா?

பொன்னுருவி விடவில்லை. "என்னையும் அப்டித்தான் எறக்குனாங்க, ரெண்டாவது புள்ளைக்கி. உங்க டவர்லேருந்துதான் போன் போட்டு அடிவாரத்துக்கு ஆம்புலன்ஸ வரவச்சோம். புள்ளயும் நானும் இருக்கோம். எனக்கு அதுல என்னங்க கொறஞ்சி போச்சி? உங்களுக்கு மட்டும் என்ன கொறஞ்சிரும்?"

பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.  சண்முகநாதன் கேட்டால் நம்பமாட்டார்.

அக்டோபர் 16, புதன்

டாக்டரிடம் கேட்டேன். "ஏறக்கூடாதுன்னு சொன்னேன். தூக்கிட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லல. ஆட்டாம தூக்கணும்" என்றார். கேட்கும்போது அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

தொங்குபாறை உச்சியிலிருந்து எழுதுகிறேன்.

விடிந்ததும் அடிவாரத்தில் காத்திருந்தார்கள். மாற்றி மாற்றித் தூக்க ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம். கம்பளிக்கு மேல் புதுச் சேலை விரித்திருந்தார்கள். உட்காரும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதல் வளைவு வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். அப்புறம் வாய் சும்மா இருக்கவில்லை. இடது பக்கம் வழுக்கும், அந்தக் கல்லில் கால் வைக்காதே, இங்கே வேர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முன்னால் தூக்கியவன், "இஞ்சினீரம்மா, நாங்க பொறந்ததே இங்கதாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சண்முகநாதனும் ஏறினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க அவர் வந்தது இதுதான் முதல் தடவை. பத்தடிக்கு ஒருமுறை நின்றார். "இதுலயா நீ மாசாமாசம் ஏறுன?" என்றார். ஆமாம் என்றேன்.  மேலே வந்து சேர்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், அத்தனை பேர் முன்னால்.

எல்லாம் பார்த்தேன். பேட்டரி முனைகளைத் துடைக்க வைத்தேன். டீசல் வடிகட்டியை மாற்றினோம். ஒரு தகட்டில் விரிசல், குறித்துக்கொண்டேன். பெட்டியிலிருக்கிற சுவிட்சைப் பூஜை நாளிலும் திருப்பக்கூடாது என்று ஊருக்கே கூட்டம் போட்டுச் சொன்னேன். அப்போ ஜெனரேட்டர் எப்போது தூங்கும் என்று கேட்டார்கள். வெயில் அடிக்கிற நாளெல்லாம் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறது என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துப் பிரணவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"மேடம்! நீங்க எப்படி மேல போனீங்க?"

"நாலு பேர் தோள்ல."

"என்ன மேடம் சொல்றீங்க?" என்றான். பாவம், பயந்துவிட்டான்.

"உயிரோடதான் சார்" என்றேன். "எல்லாரையும் ஒரு நாள் நாலு பேர் தூக்கத்தான் போறாங்க. என்னை வேலைக்குத் தூக்கிட்டு வந்திருக்காங்க. நேர்ல பார்க்கணும்னு சொன்னீங்க, பார்த்தாச்சு. ரிப்போர்ட் இன்னிக்கே வரும். பொறுப்பு இன்ஜினியர்ங்கிற இடத்துல என் பேரையே போடுங்க."

"அடுத்தது ஜனவரியில மேடம்... அப்ப என்ன பண்ணுவீங்க?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பொன்னுருவியைப் பார்த்து, "ஜனவரியிலயும் வரணுமாம்" என்றேன். அவள் போனை என் கையிலிருந்து பிடுங்கி, "வருவாங்க சார். நீங்களும் வாங்க, உங்களையும் தூக்குறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.